முதல் மாடிஃபிகேஷன் சைலன்சர் இல்ல மச்சி, டயர்!

"ண்ணா, வீட்ல ஒரு பழைய ஹோண்டா சிட்டி இருக்கு. பிக்கப் ஏத்தணும். முதல்ல எதை மாத்தலாம்?"

மெக்கானிக்கல் ஃபைனல் இயர் என்று தெரிந்தாலே ஜூனியர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி இதுதான். சிட்டிக்குப் பதிலாக ஒருத்தன் சிவிக் என்பான், இன்னொருத்தன் ஃபியஸ்டா 1.6 என்பான். ஒரே ஒருத்தனிடம் மட்டும் அவன் மாமாவோட மிட்சுபிஷி சீடியா இருக்கு (ஃபியஸ்டா மறைமலை நகரில், சீடியா திருவள்ளூரில் செஞ்சது, ரெண்டுமே நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளைங்க). கார் மாறும், கேள்வி மாறாது. ஏர் ஃபில்டரா, சைலன்சரா, ரீமேப்பா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டர்போ இல்லாத காருக்கு முதல் மாடிஃபிகேஷன் டயர். அடுத்தது பிரேக். அதற்கடுத்து ஷாக் அப்சார்பர். என்ஜின் அதுக்கப்புறம்தான், அதுவும் கையில் காசு மிச்சம் இருந்தால்.

"அட்வைஸ் கட்டுரையா?"ன்னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. இதை நான் யூடியூப் பார்த்துச் சொல்லவில்லை. 20,500 ரூபாய் ஃபீஸ் கட்டிக் கற்றுக்கொண்டது.

என் 20,500 ரூபாய் கதை

அப்பா ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். இருபது வருஷமா பைக்கில்தான் ஷிஃப்டுக்குப் போய்வந்தார். ரெண்டு வருஷம் முன்னாடி பெங்களூரில் 2011 மாடல் சிட்டி ஒன்று கிடைத்தது. என்.ஓ.சி. வாங்கி, வரி கட்டி, டி.என். 70 நம்பர் வாங்குவதற்குள் அவருக்கு நாக்கு தள்ளிவிட்டது. 94,000 கிலோமீட்டர் ஓடின வண்டி. ஆனாலும் எங்க வீட்டு முதல் கார்.

எனக்கோ அது கார் இல்லை, கனவு. 1,497 சிசி, 6,600 ஆர்.பி.எம்.மில் 118 பி.எஸ். மிதிக்க மிதிக்க மேலே மேலே ஏறுகிற ஐ-விடெக் என்ஜின். டர்போ கார் மாதிரி பின்னாலிருந்து யாரோ எட்டி உதைக்கிற உணர்வு இதில் வராது. நீங்க கேட்டாத்தான் கொடுக்கும், கேட்ட அளவுக்குக் கொடுக்கும். என்.ஏ. என்ஜினை ஒரு தடவை ரெட்லைன் வரைக்கும் ஓட்டிப் பார்த்தவனுக்கு இது புரியும்.

மூணாவது வருஷ இன்டர்ன்ஷிப்பில் வந்த ஸ்டைபண்டைச் சேர்த்து வைத்து பெங்களூர் ஜே.சி. ரோடுக்குப் போனேன். கோன் ஃபில்டர் 4,500. சைலன்சர், வெல்டிங் கூலியோடு சேர்த்து 16,000. கடைக்காரர் பாதி கன்னடம், பாதி தமிழில், "பதினைஞ்சு குதிரை ஏறும் குரு"ன்னு சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்.

திரும்பி வரும்போது அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்படி ஒரு சத்தம். கார் பறக்குதுன்னே நம்பினேன்.

அடுத்த வாரம் ஃப்ரெண்டு ஒருத்தன் சந்தேகப்பட்டான். மாற்றுவதற்கு முன்னாடி, காலியாக இருந்த ஒரு லேஅவுட் ரோட்டில் மூணாவது கியரில் 40-லிருந்து 80 வரை போன ஒரு வீடியோ போனில் இருந்தது. அதே ரோடு, அதே கியரில் இன்னொரு வீடியோ எடுத்தோம். வெயில் ஏறிய மத்தியான நேரம். ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புது செட்டப்பில் கால் விநாடி கூடுதலாக ஆகியிருந்தது. கூடுதலாக! 20,500 செலவு பண்ணி காரை மெதுவாக்கினவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன் என்று நினைத்தேன். அப்புறம் விசாரித்தால் நிறைய பேர் இருக்கிறோம்.

ஏன் ஏறல?

நம்ம ஐ.சி. என்ஜின்ஸ் பாடத்தில் வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி என்று ஒன்று வரும். ரெண்டு மார்க் கேள்விக்காக நாம் மனப்பாடம் பண்ணி, எக்ஸாம் ஹாலிலேயே விட்டுவிட்டு வருகிற விஷயம். அதில்தான் இந்தக் கதை முழுக்க இருக்கிறது.

ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின் ரெண்டு சுற்றுக்கு ஒரு தடவை மூச்சு இழுக்கும். 6,600 ஆர்.பி.எம். என்றால் நிமிஷத்துக்கு 3,300 தடவை. ஒன்றரை லிட்டரோடு பெருக்குங்க: நிமிஷத்துக்கு ஏறத்தாழ 4,950 லிட்டர் காற்று. டர்போ இல்லாத என்ஜினுக்கு இதுதான் கூரை. வெளியே காற்றழுத்தம் எவ்வளவோ, அதுக்கு மேலே சிலிண்டருக்குள் திணிக்க ஆள் கிடையாது. டர்போ காரில் ஈ.சி.யூ.வில் பூஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்றினால் அதே சிலிண்டருக்குள் அதிகக் காற்று போகும், பவர் சட்டென்று தூக்கும். இன்ஸ்டாவில் டி.எஸ்.ஐ. கார் வைத்திருக்கிறவன் ஒரே ஒரு ரீமேப்பில் இருபது முப்பது பி.எஸ். ஏத்தினேன் என்று போட்டால், அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கணக்கு நம்ம காருக்குப் பொருந்தாது.

நம்ம காரில் கம்பெனிக்காரனே ஃபில்டரையும் மேனிஃபோல்டையும் நன்றாகத்தான் செய்து வைத்திருக்கிறான். மிச்சம் இருப்பது சில்லறை. அந்தச் சில்லறையையும் கோன் ஃபில்டர் எப்படிக் கெடுக்கிறது தெரியுமா? ஒரிஜினல் ஏர் பாக்ஸ் முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை இழுக்கும். கோன் ஃபில்டரை மூடி இல்லாமல் பானட்டுக்குள் விட்டால், அது என்ஜின் சூட்டில் வெந்த காற்றைக் குடிக்கும். காற்று 3 டிகிரி சூடானால் அடர்த்தி சுமார் ஒரு சதவீதம் குறையும். பானட்டுக்குள் வெளியைவிட 30 டிகிரி அதிகம் என்றால் பத்தில் ஒரு பங்கு காற்று காலி. என் கால் விநாடி அங்கேதான் போயிருக்கிறது.

ஓசூருக்குன்னு ஒரு தனிக் கணக்கும் இருக்கு. நம்ம ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்து சதவீதம் குறைவு. ஆக, ப்ரோஷரில் போட்ட 118 குதிரையில் பத்துப் பன்னிரண்டு குதிரை ஓசூருக்கு வரவே இல்லை, கீழேயே நின்றுவிட்டன. நம்ம ஊர்க் குளிர் காற்று கொஞ்சம் ஈடு கட்டும், முழுசா இல்ல. இன்னொரு வேடிக்கை: கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர். ஓசூரிலிருந்து சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரிக்கு இறங்கினாலே காருக்கு நாலைந்து சதவீதம் பவர் ஓசியில் ஏறுகிறது. போதாததுக்கு இறக்கம் வேற. "ஃபில்டர் போட்டேன், கிருஷ்ணகிரி வரைக்கும் சும்மா பிச்சுக்கிட்டுப் போச்சு ப்ரோ"ன்னு யாராவது சொன்னால், திரும்பி வரும்போது எப்படி இருந்ததுன்னு கேளுங்க.

மேலுமலையில் ஒரு ராத்திரி

பணம் போனது மட்டும்தான் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

போன அக்டோபர். கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண ரிசப்ஷன் முடிந்து நானும் அப்பாவும் மட்டும் திரும்பி வந்துகொண்டிருந்தோம். ராத்திரி பத்தரை இருக்கும். மழை பலமில்லை, ஆனால் ரோடு முழுக்க ஈரம். நான்தான் ஓட்டினேன். மேலுமலை ஏற்றம் முடிகிற இடத்தில் 85-ல் போய்க்கொண்டிருந்தேன். சைலன்சர் சத்தத்தை அப்பாவிடம் காட்ட வேண்டும் என்ற நினைப்பும் இருந்தது. திடீரென்று முன்னால் ஒரு லாரி. ஓடவில்லை, நிற்கிறது. பின்னால் லைட் இல்லை, முக்கோணம் இல்லை, தார்ப்பாய் மட்டும் கறுப்பாக.

பிரேக்கை முழுசா மிதித்தேன். ஏ.பி.எஸ். காலுக்கு அடியில் கடகடவென்று அடித்தது. ஆனால் வண்டி நிற்கவில்லை மச்சி. சோப்புத் தண்ணீரில் போவது மாதிரி போய்க்கொண்டே இருந்தது. வலது லேனில் பஸ் வந்துகொண்டிருந்ததால் அந்தப் பக்கம் ஒடிக்க முடியாது. இடதுபக்கம் மண் ஓரத்தில் இறக்கினேன். நின்றபோது லாரியின் பின்பக்கம் அப்பா உட்கார்ந்திருந்த ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது.

அப்பா திட்டவில்லை. சூளகிரியில் ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொன்னார். இறங்கி, போன் டார்ச்சில் நாலு டயரையும் சுற்றிப் பார்த்தார். அப்புறம் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்த சைலன்சர் எவ்ளோடா ஆச்சு?"

சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அந்த டீ இறங்கவில்லை.

டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். எங்க டயரில் 2416 என்று இருந்தது. 2016-ம் வருஷம் 24-வது வாரம். வாங்கும்போது பட்டன் நல்லா இருக்கே என்று யாரும் அந்த எண்ணைப் பார்க்கவில்லை. ரப்பர் காய்ந்து கல்லாகிக் கிடந்தது. நான் அதே காருக்கு 20,500 ரூபாயில் சத்தம் வாங்கிப் பூட்டியிருக்கிறேன். நாலு புது டயர் அப்போ எவ்வளவு தெரியுமா? 24,000.

அப்போ என்ன வரிசை?

காரை வேகமாக்கும் எதுவும் ரோட்டை வந்து தொடுவது டயர் வழியாகத்தான். ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடும் இடம் கிட்டத்தட்ட நம்ம உள்ளங்கை அளவுதான். ஆக்சிலரேஷன், பிரேக், வளைவு மூன்றுக்கும் அந்த நாலு உள்ளங்கைதான் கதி. ஒரே ஒரு பார்ட்டை மாற்றி மூணையும் ஒரே நாளில் கூட்ட முடியும் என்றால் அது டயர் மட்டும்தான். இந்த சிட்டி 175/65 ஆர்15 என்ற ஒல்லி டயரோடு வந்தது. பலர் 195/60 ஆர்15-க்குப் போகிறார்கள். மொத்த விட்டம் ஒரு சதவீதம்தான் மாறும், ஸ்பீடோமீட்டர் பெரிசா பொய் சொல்லாது. உங்க ரிம் அகலத்துக்குச் சரியா வருமா, உள்ளே எங்கேயும் உரசுமா என்று பார்த்துப் போடுங்க. அகலம் வேண்டாம், ஒரிஜினல் சைஸே போதும் என்றாலும் சரி. புதுசாவும் நல்லதாவும் இருப்பதுதான் முக்கியம். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் டயரின் கதை முடிந்தது. மழைக்காலத்துக்கு அதுவரைக்கும் கூடக் காத்திருக்காதீங்க.

அடுத்து பிரேக். 80-ல் போகும் காரைவிட 100-ல் போகும் காரில் இருக்கும் சக்தி 56 சதவீதம் அதிகம். வேகத்தின் வர்க்கம், பள்ளிக்கூடக் கணக்கு. 100-ல் நல்ல டயர், காய்ந்த ரோடு என்றால் நிற்க ஏறத்தாழ 50 மீட்டர். ஈர ரோட்டில் பிடிமானம் பாதியானால் 100 மீட்டர். கண்ணுக்குத் தெரிந்து கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு விநாடி ஆனால், அதில் மட்டும் 28 மீட்டர் தனி. பெரிய டிஸ்க்கெல்லாம் இப்போ வேண்டாம். நல்ல பேட், புது பிரேக் ஃப்ளூயிட் போதும். ஃப்ளூயிட் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 ஃப்ளூயிட் புதுசில் குறைந்தது 230 டிகிரி வரை தாங்கும், ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 வரைக்கும் இறங்கும். தொப்பூர் கணவாயில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவனுக்கு அந்த வித்தியாசம் உயிர் விஷயம். எங்க வண்டியில் ஃப்ளூயிட் டீ கலரில் இருந்தது. மாற்ற ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை.

மூணாவது ஷாக் அப்சார்பரும் புஷ்ஷும். லட்சம் கிலோமீட்டரை நெருங்கின காரில் ஸ்டாக் ஷாக்கைப் புதுசா போட்டாலே வேற கார் மாதிரி இருக்கும். ஸ்ப்ரிங்கை வெட்டி வண்டியை இறக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். கன்டெய்னர் லாரி ஓடி ஓடிக் குழியான சிப்காட் ரோட்டில் முதல் வாரமே அடி வாங்கும்.

நாலாவது, காசே ஆகாதது: எடை. இந்தக் கார் சுமார் 1,100 கிலோ. டிக்கியில் கிடக்கும் சப்-ஊஃபர் பெட்டி, பழைய சாமான் எல்லாம் சேர்த்து 30 கிலோவை இறக்கினால், கணக்குப்படி மூணு பி.எஸ். ஏற்றினதுக்குச் சமம். பல கோன் ஃபில்டர்கள் கொடுப்பதைவிட அதிகம்.

இதோடு ஸ்பார்க் ப்ளக், சுத்தமான ஒரிஜினல் ஏர் ஃபில்டர், அலைன்மென்ட். இப்போ பங்கில் வருவது இ20 பெட்ரோல் என்பதால் பழைய காரில் ஃப்யூல் ஹோஸ் வெடித்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் முடித்து இன்னும் காசு இருந்தால் ஹெடர், இன்டேக், ரீமேப் மூன்றையும் ஒரே திட்டமாக, டைனோவில் முன்பின் அளந்து செய்யுங்கள். ஒன்றை மட்டும் மாட்டிவிட்டு அற்புதம் நடக்கும் என்று காத்திருக்காதீங்க.

சட்டம் என்ன சொல்லுது?

அந்த வரிசையில் கடைசியாக வரும் வேலைக்கு ஒரு பெரிய "ஆனால்" இருக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, விதிமீறி மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். புகை, சத்தம் அளவு மீறினால் அதற்குத் தனிப் பிரிவு, லைசென்ஸும் மூணு மாதம் போகும். நமக்கு இன்னொரு வசதி: தினமும் ரெண்டு மாநிலப் போலீஸ் முன்னாடி போய்வருகிறோம்! அதைவிட முக்கியம் இன்ஷூரன்ஸ். சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்ம் நேரத்தில் எழுந்து நிற்கும். என் வரிசையில் முதல் நாலும் இந்த வம்பு எதிலும் மாட்டாதவை. புது டயர் போட்டதுக்கு எந்த ஆர்.டி.ஓ.வும் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார்.

"சத்தம் ஒரு கிக் ப்ரோ"

தெரியும். எனக்கும் பிடிக்கும். என்.ஏ. என்ஜின் 6,000-க்கு மேலே போடும் குரல் ஒரு போதைதான், ஒத்துக்கொள்கிறேன். "டயர் மாத்தினா யாருக்குத் தெரியும்?" என்ற கேள்வியும் நியாயம்தான். சைலன்சர் போட்டால் ஹாஸ்டலே திரும்பிப் பார்க்கும். டயரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் பெர்ஃபார்மன்ஸ் என்ற வார்த்தையைச் சொல்கிறோம் இல்லையா, அதுக்கு நேர்மையாக இருப்போம். ஃபார்முலா பாரத் போட்டிக்குப் போகும் ஸ்டூடண்ட் டீம்களைக் கேட்டுப் பாருங்க. அங்கே பெட்ரோல் என்ஜின் எதுவானாலும் 20 மில்லிமீட்டர் ஓட்டை வழியாகத்தான் மூச்சு விட வேண்டும் என்பது ரூல். பவருக்குக் கூரை போட்டாச்சு. அப்புறம் ஜெயிப்பது யார்? எடையைக் குறைத்தவன், டயரைப் புரிந்துகொண்டவன், சஸ்பென்ஷன் செட்டப் தெரிந்தவன், ஓட்டத் தெரிந்தவன். நம்ம என்.ஏ. செடானும் அதே மாதிரிதான்; இயற்கையே கூரை போட்டுவிட்டது. வேகம்தான் வேண்டும் என்றால் கோயம்புத்தூர் காரி ஸ்பீட்வே இருக்கு, இருங்காட்டுக்கோட்டை ட்ராக் இருக்கு. காசு சேர்த்து அங்கே ஒரு நாள் போங்க. ஒரு வருஷம் ரோட்டில் முறுக்கினாலும் கிடைக்காத பாடம் அங்கே கிடைக்கும்.

ஏன்னா நம்ம ரோடு ட்ராக் இல்லை. காலையில் ஆறு மணி ஷிஃப்டுக்கு மூக்கண்டப்பள்ளி பக்கம் போய்ப் பாருங்க. டிபன் பாக்ஸை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்கிறவர்கள் எல்லாம் யார்? என் அப்பா இருபது வருஷம் அப்படித்தான் கடந்தார். உங்களில் பாதிப் பேரின் அப்பா அம்மா இன்னும் அப்படித்தான் கடக்கிறார்கள். அவர்கள் குறுக்கே வரும்போது நம்ம கார் நிற்குமா என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே பெர்ஃபார்மன்ஸ் டெஸ்ட்.

சைலன்சரை பாதி விலைக்கு விற்றுவிட்டேன். வாங்க வந்தவனிடம் முதலில் அவன் டயரைத்தான் காட்டச் சொன்னேன்; 2019. சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை, வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் இதைப் படிக்கிறானா தெரியாது. நீங்க படிக்கிறீங்க இல்ல? இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் கீழே குனிந்து அந்த நாலு எண்ணை மட்டும் பார்த்துட்டு வாங்க. எந்த ஃபில்டர் நல்லதுன்னு அப்புறம் பேசிக்கலாம்.